நித்தியானந்தனின் கல்வெட்டில் ஒரு போத்தல்

நித்தியானந்தனின் முப்பத்தோராம் நாள் கிரியையில், ஜெர்மனியின் பான் நகர மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்திருக்க, கவிஞர் தபோதரன் காலமானவரைப் போத்தலாக்கிவிட்டார்.

கல்வெட்டுக்கு, அதாவது அன்று எல்லோருக்கும் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு, வழக்கமான புலம்பல் பாட்டைத்தான் கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் காலமானவரைத் தென்றல், கற்பகதரு என்று ஒழுங்காக எழுதிக் கொடுத்தார்கள். தபோதரனோ பகலில் மருத்துவமனைச் சமையலறையில் தட்டுக் கழுவி, மிச்ச நேரத்தில் ஆன்மாவை விசாரிப்பவர். அவருடைய ஒரே தொகுப்பின் விற்காத பிரதிகள் வீட்டில் தொலைக்காட்சியைத் தாங்கிக்கொண்டிருந்தன. ஆகவே எழுதினார்: உடல் வெறும் போத்தல்; மரணம் என்பது, கடையில் வெற்றுப் போத்தலை வாங்கிக்கொண்டு காசு திருப்பித் தரும் மெசின்; கழுவி மறுபடி நிரப்புவது மறுபிறப்பு. எழுதியதோடு விட்டாரா? எழுந்து நின்று வாசித்தும் காட்டினார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நித்தியானந்தனுக்குப் பியரில் இருந்த பற்று, கிரியை செய்ய வந்த ஐயரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மனைவி சந்திரகாந்தி குனிந்த தலை நிமிரவில்லை.

சந்திரகாந்தி அக்காவின் மனம் நொந்துவிட்டதா? தபோதரனுக்கு அது தெரிந்தாக வேண்டும். கல்வெட்டை அச்சடித்த சதீசனைக் கேட்டார்.

"தாள் நல்ல தாள் அண்ணை," என்றான் சதீசன்.

தன் மனைவி சிவசக்தியைக் கேட்டார்.

"சோறு ஆறுது, சாப்பிடுங்கோ."

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனால், அதே மெசினுக்கு முன்னால் சந்திரகாந்தி. கையில் ஒரு பியர்ப் போத்தல். பின்னால் வரிசை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தபோதரன் தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கினார். ஆன்மாவைப் பற்றி அவ்வளவு எழுதியவருக்கு உடம்பை மறைக்கத் தெரியவில்லை.

"தபோ, இங்கை வாரும்."

"வாறன் அக்கா."

"இவர் கடைசியாக் குடிச்ச போத்தல். மூண்டாம் தரம் கொண்டு வாறன். உள்ளுக்குப் போட ஏலாமல் கிடக்கு. எல்லாம் உம்மாலை."

"அக்கா, நேரா ஒண்டு கேக்கிறன். என்ரை கவிதை உங்களை நோகடிச்சதோ?"

"ஓம், நொந்தது. நீளமும் கூட. பாதி விளங்கேல்லை."

சந்திரகாந்தி போத்தலை ஒருமுறை தடவி, மெசினின் வாய்க்குள் மெல்ல விட்டார். அது உருண்டு இருட்டுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆனா மற்ற ஆக்கள் எழுதின அந்தத் தென்றல் ஆரெண்டு எனக்குத் தெரியாது, தபோ. உம்மடை போத்தலோடைதான் நான் குடும்பம் நடத்தினனான்."