விரித்த கை

பதின்மூன்று கிழமை. அவ்வளவுதான் அந்தத் தொலைக்காட்சி நாடகம் ஓடியது. நீலத் துணியைத் தோளில் கட்டி, இரண்டு கையையும் அகல விரித்து, புயல்ராசா என்ற பெயரில் கொழும்புக்கு மேலே பறந்து கள்ளர்களைப் பிடித்தேன். துறைமுகத்தில் கிளாக்கராக இருக்கும் நிக்கலஸ் என்ற நான் அன்றோடு செத்தேன். பஸ்ஸில் ஏறினால், "உங்களுக்கு ஏன் சேர் பஸ், பறந்து போங்கோவன்" என்கிறான் கொண்டக்டர். பதினொரு வருடமாக இதே பகிடி.

வெள்ளவத்தையில் நாடகம் போடும் சிவானந்தனிடம், ஒரு குடிகாரத் தகப்பன் வேடம் கேட்டுப் போனேன். "உம்மை அழவிட்டாச் சனம் சிரிக்கும் ஐசே" என்று கையை விரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பறந்தவனுக்கு அழத் தெரியாது என்று எந்த மடையன் எழுதிவைத்தான்?

அதனால்தான், எங்கள் கொட்டாஞ்சேனைக் கோயிலில் பெரிய வெள்ளிக்கு யேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுகிறார்கள் என்றதும், அதை நடத்தும் ஒஸ்வால்ட் மாஸ்டரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி யேசு வேடத்தை வாங்கினேன். இதிலும் தோற்றால் இனி மேடையே ஏறுவதில்லை என்று மனைவி றோஸியிடம் சொன்னேன். பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலம் நாற்பது நாளும் இறைச்சி, மீன் தொடவில்லை. தாடி வளர்த்தேன். செய்வது தெரியாமல் செய்கிறார்கள், மன்னியும் என்று சிலுவையில் பிதாவைக் கேட்கும் அந்த ஒரு வரியை நடக்கும்போதும் முணுமுணுத்தேன். அடுப்படியில் நின்று அதைக் கேட்ட றோஸி அழுதுவிட்டாள்.

பெரிய வெள்ளி பின்னேரம் கோயில் வளவில் நிற்க இடமில்லை. சாட்டையடிக்குப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நான் சிலுவையோடு விழுந்தபோது முன்வரிசைக் கிழவர் ஒருவர் எழுந்து கும்பிட்டார். வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிறகு சிலுவையை நிமிர்த்தினார்கள். கை இரண்டும் விரிந்திருந்தன. வேறெப்படி இருக்கும்?

"அங்க பாருங்கோ, புயல்ராசா" என்றது ஒரு குரல். யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள், அடங்கவில்லை. உரோமைப் படைச் சேவகனாக நின்றவன் தன் வசனப்படி, முடிந்தால் இறங்கி வா பார்ப்போம் என்று என்னை ஏளனம் செய்தான். "பறந்து வாங்கோ" என்று பின்னாலிருந்து இன்னொருவன் சொன்னான். வளவே சிரித்தது. கும்பிட்ட கிழவரும் சிரித்தார். பூசை வைக்கும் எங்கள் பங்குச் சுவாமிகூடக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பெரிய வெள்ளிக்கிழமையில், சிலுவைக்கு முன்னால். வெட்கம் கெட்டதுகள்.

அடுத்தது என் வரி. "நிக்கலஸ், மன்னிப்பைச் சொல்லும், சொல்லி முடிச்சுவிடும்" என்று திரைக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் அவசரப்படுத்தினார். கூட்டத்தில் றோஸியைத் தேடினேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"பிதாவே, இவர்களுக்குத் தெரியும்" என்றேன். "தெரிந்துதான் செய்கிறார்கள்."

சிரிப்பு நின்றது. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.