மாடி அறையில் நடை

தம்பியின் உதட்டை அக்கா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, மருத்துவமனை அறையில் இருந்தவர்கள்: கால்மாட்டில் அவன் மனைவி, நாற்காலியில் சித்தப்பா, ஊசி போட வந்த நர்ஸம்மா. வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிறகு பலர் சொல்லிக்கொண்டார்கள்.

"அக்கா எங்க?" என்றான் தம்பி.

"இங்கதாண்டா இருக்கேன்."

"நீயில்ல. செருப்பைத் தேச்சுக்கிட்டு மேல நடக்கிறாளே, அவ."

சித்தப்பா அண்ணாந்து பார்த்தார். மேலே பூட்டிய மொட்டைமாடிதான்.

அவனுக்குச் சிறுநீரகம் கொடுத்தவள் அக்கா. வீடு திரும்பியதும் மாடி அறையை ஒழித்துக் கொடுத்தவளும் அவளே. கிருமி அண்டக்கூடாதென்று அவன் மனைவியைக்கூட வாசலிலேயே நிறுத்தினாள். "மனு போட்டாத்தான் புருஷனைப் பாக்க விடுவீங்களா அண்ணி?" என்று அவள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

சில மாதத்தில் தலைவலி வந்தது. ஒருநாள், "அக்கா, நீ ரெண்டா தெரியற," என்றான். மறுநாள், "ஒருத்தி மேல ஏறிப் போயிட்டா," என்றான்.

டாக்டர் முதுகுத்தண்டில் நீரெடுத்துப் பார்த்தார். "புறா எச்சத்துல வளர்ற பூஞ்சைம்மா. நமக்கெல்லாம் ஒண்ணும் செய்யாது. இவர் புதுக் கிட்னிக்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடறார், அதான் மூளை வரைக்கும் போயிருக்கு. வீட்ல புறா உண்டா?"

"எங்க வீட்லயா? நாங்க சுத்தபத்தமா இருக்கிறவங்க, டாக்டர்."

அக்கா உதட்டைத் துடைத்த அன்று மாலைக்குள் அவன் மூச்சு நின்றது.

எல்லாம் முடிந்த மறுநாள் பகலில், அக்கா தனியாக மாடி அறைக்குப் போய் அவன் கட்டிலில் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார்கள். அவள் தன் காலைப் பார்த்தாள். வெறுங்கால்.

நடை நின்றது. மறுபடி தொடங்கியது.

நாற்காலி போட்டு ஏறி, கூரைக்குக் கீழே அடித்திருந்த பலகை ஒன்றை நகர்த்தினாள். வெண்தூள் அவள் தலையிலும் அவன் தலையணையிலும் கொட்டியது. இருட்டுக்குள்ளிருந்து சிவந்த கண்கள் அவளையே பார்த்தன. ஒரு புறா, வயிற்றடியில் முட்டையோடு, நகரவேயில்லை; அதன் ஜோடி பலகையில் நகத்தைத் தேய்த்து நடந்தது.

கீழே கூடத்தில் சித்தப்பா யாரிடமோ தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "அக்கா கிட்னி அவனுக்கு ஒத்துக்கலை. கொடுத்தவளே உள்ள புகுந்து நடந்திருக்கா. கடைசி வரைக்கும் அதைத்தானே சொன்னான்!"

தலையெல்லாம் வெளுத்து, அக்கா கடைசிப் படியில் நின்றாள். முதுகு வளையவில்லை.

"கிட்னி கடைசி நாள் வரைக்கும் நல்லா வேலை செஞ்சுது, சித்தப்பா. ரூம்தான் ஒத்துக்கலை. ரூம் நான் குடுத்தது."