மோரி உடைந்த இடம்

எட்டுப் பேர் ஒரு பள்ளத்துக்குக் காவல் இருந்தார்கள். பள்ளத்தை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடப் போவதில்லைதான். ஆனாலும் ஓவர்சியர் சேஷகிரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: ஒரு கூடை மண் அதில் விழக் கூடாது, போட வருகிறவர்களையும் விடக் கூடாது. ஆகவே மேஸ்திரி அய்யாவுவின் கேங், இரும்புச் சட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காலை எட்டு மணியிலிருந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. ரோடு போடுகிறவர்களை ரோடு போடாமல் இருக்கச் சொல்லிக் கூலி கொடுக்கிற கூத்தை அவர்கள் யாரும் இதற்கு முன்னால் கண்டதில்லை.

அடுகோடியில் ஓசூர் ரோட்டை விட்டுத் தெற்கே இறங்கும் கிளை ரோடு அது. புது மைசூர் ராஜ்யம் உண்டான மறு வருஷம், ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி வழிந்து, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போக இருந்த மோரியைக் கல்லோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. பன்னிரண்டு அடி அகலம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆழம், அடியில் தொடையளவுத் தண்ணீர். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஊர், கடை, ஆஸ்பத்திரி. அந்தப் பக்கம் முப்பது குடிசைகள் கொண்ட லைன். கேங்காரர்கள் குடியிருப்பதே அங்கேதான். ரோட்டோரத்தில் மூன்று ஜல்லிக் குவியல்கள், அளந்து சுண்ணாம்புக் கோடு அடித்து நின்றன. ஒரு கல்லை உருவினாலும் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அவை வேறொரு மைல் ரோட்டுக்கென்று வந்த ஜல்லி.

"நாலு நாள் வேலை மாப்ளே," என்றாள் பாஞ்சாலி, பள்ளத்தையே பார்த்துக்கொண்டு. "கல்லு கீது, மண்ணு கீது, எட்டு ஜோடிக் கையி கீது. இத்த வெச்சிகினு பாத்துகினே குந்தினு கீறமே, இது அடுக்குமா?"

அய்யாவு எதிர்க்கரையில் இருந்த லைனைப் பார்த்தான். பாஞ்சாலி அவன் மனைவி சந்திரம்மாவின் அக்கா. அவள் எதை நினைத்துச் சொல்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். சந்திரம்மாவுக்கு நிறைமாதம். போன பிரசவம் லைனிலேயே நடந்தது. இரண்டு நாள் வலித்துப் பிறந்த பிள்ளை அழவே இல்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி நர்ஸ் மௌரீன், அடுத்த தடவை வலி கண்டதும் வண்டி பிடித்து ஓடி வந்துவிட வேண்டும், அரை மணிகூடத் தாமதிக்கக் கூடாது என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தாள். முந்தின வாரம் முன்கூட்டியே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று கூட்டிப்போனார்கள். கட்டில் காலியில்லை, இன்னும் இருபது நாள் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டி வரும் ரோடு மட்டும் இருபது நாளைக்குள் வந்துவிட்டால் போதும். அய்யாவுக்கு அந்த மாதம் வேறு கவலையே கிடையாது.

பதினோரு மணிக்குச் சேஷகிரி சைக்கிளில் வந்தார். காக்கி நிஜார், தொப்பி, ஐம்பது வயதுத் தொந்தி. மல்லேஸ்வரத்திலிருந்து மிதித்து வந்ததில் சட்டை முதுகு நனைந்திருந்தது.

"வியாழக்கிழமை வரேன்னு சொல்லியிருந்தார் ஆபீஸர். இப்போ திங்கட்கிழமையாம்," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

"அதுக்குள்ள நாங்களே ரொப்பிட்டா இன்னா சாமி? ஆபீஸர் வந்தா நல்ல ரோட்டப் பாத்துட்டுப் போறாரு," என்றாள் பாஞ்சாலி.

"கெடுத்தே போ! நன்னாக் கேட்டுக்கோ." சேஷகிரி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "சர்க்கார்ல பணம் ரெண்டு டப்பாவில இருக்கு. ஒண்ணு, வருஷா வருஷம் ரிப்பேருக்கு. அது புரட்டாசியோட காலி. இன்னொண்ணு, வெள்ளச் சேதத்துக்குன்னு தனி டப்பா. முன்னே பத்து ஜில்லா, இப்போ பத்தொம்பது. மழை எல்லா இடத்திலயும் பேஞ்சிருக்கு. எல்லா எஞ்சினீயரும் லிஸ்ட் அனுப்பிச்சுட்டா. லிஸ்ட்ல நாலுல ஒண்ணுக்குத்தான் பணம். அதனால போக்குவரத்து அடியோட நின்னுபோன ரோட்டுக்கு முதல் பக்கம். மத்ததெல்லாம் ரெண்டாம் பக்கம், அதுக்குப் பணம் எட்டாது. நின்னுபோச்சா இல்லையான்னு ஆபீஸர் நேர்ல வந்து கண்ணால பாக்கணும்."

"செரி."

"என்ன சரி? நீ ரொப்பிட்டா பள்ளம் இல்லை. பள்ளம் இல்லேன்னா பணம் இல்லை. பணம் இல்லேன்னா மாசக் கடைசியோட ஒங்க எட்டுப் பேருக்கும் கூலி மஸ்டர்ல பேர் இல்லை. பணம் வந்துதுன்னா பங்குனி வரைக்கும் வேலை. புரிஞ்சுதா?"

"ரெண்டு பலகையாச்சும் போட்டுக்கறோம் சாமி. மாசமாக் கீறவ ஒருத்தி இருக்கா."

"பலகை போட்டா போக்குவரத்து நடக்கறதுன்னு ஆயிடும்டி அம்மா. ரெண்டாம் பக்கம்தான்." அவருக்கே அது கேட்க நன்றாக இல்லை போலிருக்கிறது. தொப்பியை மாட்டிக்கொண்டு, "நான் என்ன, வேணும்னா பண்றேன்? பன்னிரண்டு லெட்டர் எழுதியாச்சு," என்று முனகினார்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டாம்பாங்க. இங்க பூசாரியும் குடுக்கறேங்கறாரு, சாமிதான் பஸ்ஸு ஏறல," என்றாள் பாஞ்சாலி. கேங் முழுவதும் சிரித்தது. சேஷகிரியும் சிரித்துவிட்டார்.

மத்தியானம் சந்திரம்மா கஞ்சிச் செம்போடு எதிர்க்கரையில் வந்து நின்றாள். ஒரு கை இடுப்பில் இருந்தது.

"எறங்காதடி!" அய்யாவு கத்திக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிப் பள்ளத்தில் இறங்கினான். தண்ணீரில் நடந்து அந்தக் கரையில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் செம்பை நீட்டினாள். தொட்டுக்கொள்ள வறுத்த மிளகாய் இருந்தது.

"ஆபீஸரு?"

"திங்கக்கெழமையாம்."

"அதுவரிக்கும் இதுவும் வராது," என்று அவள் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "உங்கப்பன் பள்ளத்துக்குக் காவலு, நீ அம்மா வயித்துக்குக் காவலு, சும்னே இருன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "பயமாக் கீதா?" என்று கேட்டான்.

"கீது. உன்னாண்ட சொல்லாம யாராண்ட சொல்றது?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன வாட்டி மாதிரி ஆயிடுமோன்னு ராவெல்லாம் தூக்கமில்ல மாமா."

அவன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். எதிர்க்கரையில் ஆறு பேரும் மரியாதையாக வேறு திசையில் பார்த்தார்கள். பாஞ்சாலி மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை ஆபீஸர் வரவில்லை. வெள்ளிக்கிழமை என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் பாஞ்சாலி தங்கை வீட்டுக்கு வந்து, வேலை போனால் போகிறது, நாளைக்கே கேங்கைக் கூட்டிப் பள்ளத்தை ரொப்பிவிடப் போகிறேன் என்றாள். சந்திரம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

"எட்டு வூட்டு ஒலையக் கவுத்துட்டு நான் புள்ள பெத்துக்கணுமா? கோவிந்தப்பா வூட்ல மட்டும் அஞ்சு வாயி. இன்னும் நாள் கீதுக்கா. பேஜார் பண்ணாம குந்து."

பாஞ்சாலி உட்கார்ந்தாள். ரொப்பவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் மழை பிடித்து எட்டு மணிக்கு விட்டது. பள்ளத்துத் தண்ணீர் இடுப்புக்கு ஏறியிருந்தது. ஒன்பது மணிக்கு எதிர்க்கரையில் ஒருத்தி வந்து நின்று, சந்திரம்மாவுக்கு வலி கண்டுவிட்டது என்று கூவினாள். அய்யாவு எழுந்தவன் அப்படியே நின்றான். பாஞ்சாலிதான், "முனிராஜு, ஜல்தி போ, ஜட்கா கூட்டியா!" என்று விரட்டிவிட்டுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முதலில் தண்ணீரில் இறங்கினாள்.

கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்துப் பழைய சேலையால் கட்டிக் கொண்டுவந்தார்கள். பள்ளத்துக்கு அடியில் பெயர்ந்த கற்களெல்லாம் பாசி பிடித்துக் கிடந்தன. தூக்கிக்கொண்டு நடந்தால் ஒருவன் வழுக்கினாலும் எல்லாரும் விழுவார்கள். ஆகவே நடக்கவில்லை. இரண்டு வரிசையாகக் காலை ஊன்றிக்கொண்டு நின்று, கட்டிலைக் கைமாற்றிக் கைமாற்றி நகர்த்தினார்கள். பின்னால் நின்றவன் கை காலியானதும் வரிசைக்கு வெளியே தண்ணீரில் சுற்றி வந்து முன்னால் நின்றுகொண்டான். சந்திரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி வந்தாள். "இதோ ஆச்சு கண்ணு, இதோ ஆச்சு," என்று அய்யாவு சொல்லிக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரி இன்னும் இரண்டு மைல்.

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது. முன் சீட்டில் ஆபீஸர் கஸ்தூரிரங்கன், பின்னால் சேஷகிரி. ஜட்கா இன்னும் வந்து சேரவில்லை.

கஸ்தூரிரங்கன் நல்ல மனுஷர். விஷயம் தெரிந்ததும் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சரிவில் இறங்கிக் கட்டில் சட்டத்துக்குக் கை கொடுத்தார். அவர் பூட்ஸ் சேற்றில் புதைந்தது.

"ஜட்காவுக்கெல்லாம் காத்துண்டிருக்க வேண்டாம். ஜீப்பில ஏத்துங்கோ," என்றார். டிரைவரிடம், "மெதுவாப் போ, ஆனா எங்கேயும் நிக்காதே," என்று சொன்னார். அய்யாவு ஏறிக்கொண்டான். ஜீப் திரும்பிக் கண்ணுக்கு மறைந்தது.

மீதிப் பேர் ஈரத்தோடு அவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். பாஞ்சாலிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஜீப் திரும்பி வரும்வரை கஸ்தூரிரங்கன் புங்கமரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, முழங்காலில் காகிதக் கட்டை வைத்துக்கொண்டார். பள்ளத்தின் அகலத்தைச் சேஷகிரியை விட்டு அளக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு பாஞ்சாலியைப் பார்த்துப் பரிவாகக் கேட்டார்.

"ஏம்மா, எல்லாரும் தினம் இப்படித்தான் இதைத் தாண்டிப் போய் வரேளா?"

அவர் பின்னால் நின்ற சேஷகிரி கண்ணால் ஜாடை காட்டினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பாஞ்சாலி அதைப் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய உபகாரம் செய்த மனுஷரிடம், எங்களாலும் ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது.

"ஆமாங்க சாமி. தெனமும் போயிகினு வந்துகினுதான் கீறோம். கேங்கு இருக்கறப்போ இன்னா பயம்? கெழவன், கொழந்த, அரிசி மூட்ட, வாத்தியார் சைக்கிளு, எல்லாத்தியும் நாங்களே தாண்ட உட்டுடுவோம். இதுவரிக்கும் ஒரு உசுருக்கும் சேதமில்ல. எங்க கையி ரோட்டு வேல செஞ்ச கையிங்க!"

"பேஷ், பேஷ்," என்றார் கஸ்தூரிரங்கன். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். குனிந்து நான்கு வரி எழுதினார். சேஷகிரி தொப்பியைக் கழற்றிவிட்டு ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் வார்டே அதிரும்படி அழுததாம். அய்யாவு ஓடி வந்து சொன்னபோது கேங் முழுவதும் சேற்றிலேயே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது. பாஞ்சாலி எல்லாருக்கும் வெல்லம் வாங்கிக் கொடுத்தாள்.

பத்தாம் நாள் சேஷகிரி ஒரு காகிதத்தோடு வந்தார். கூடவே ஒரு கைவண்டியும் வந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி துடைத்து, படித்தார்.

"'மேற்படி இடத்தில் கால்நடையாகச் செல்வோரின் போக்குவரத்து, உள்ளூர் ஆட்களின் உதவியுடன் தடையின்றி நடைபெற்று வருவது நேரில் காணப்பட்டது. ஆகவே அவசரமில்லை. அடுத்த வருஷத்து பட்ஜெட்டில் கவனிக்கலாம்.'"

"உள்ளூர் ஆளுங்கன்னா யாரு சாமி?" என்றான் கோவிந்தப்பா.

"நீங்கதான்டா."

பாஞ்சாலி தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான். இந்தப் பாழாப்போன வாயாலதான். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. எட்டு வூட்டு சோத்துல மண்ணப் போட்டுட்டேனே!"

"ஒன் மேல தப்பில்லை. அவர் கேட்டார், நீ நிஜத்தைச் சொன்னே," என்றார் சேஷகிரி. "அவர் பாத்ததைத்தான் அவரும் எழுதினார்."

அய்யாவு அவள் பக்கத்தில் வந்து குந்தினான். "அண்ணி, எந்திரிங்க. எங்கொழந்த அழுவுற சத்தம் கேட்டேன் நானு. அத்த வுட இதுவா பெருசு? எந்திரிங்க."

மண்வெட்டிகளும் சட்டிகளும் சர்க்கார் சொத்து. சேஷகிரி எண்ணி, கைவண்டியில் ஏற்றச் சொன்னார். எட்டுப் பேரே ஏற்றிக் கொடுத்தார்கள். மஸ்டர் நோட்டில் எட்டுப் பெயருக்கும் நேரே சிவப்பு மசியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, அவர் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரியிலிருந்து ஜட்கா வந்தது. பள்ளத்தின் விளிம்பில் குதிரை நின்றுவிட்டது. சந்திரம்மா துணிச் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். கேங் ஏற்கெனவே தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. முதலில் அவளைக் கை கொடுத்துத் தாண்டவிட்டார்கள். பிறகு குழந்தை. கோவிந்தப்பா கையிலிருந்து முனிராஜு கைக்கு, அங்கிருந்து அடுத்த கைக்கு, ஒவ்வொருவரும் குனிந்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். "குடு, குடு, எவ்ளோ நேரம் நீயே வெச்சிருப்ப?" என்று சண்டை போட்டார்கள். பாஞ்சாலி கைக்கு வந்தபோது அது கொட்டாவி விட்டது. அவள் அதை அய்யாவு கையில் கொடுத்தாள். அவன் அதன் அம்மாவிடம் கொடுத்தான்.

ஜட்கா திரும்பிப் போன இடத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். வாத்தியார் ரெமிஜியஸ் சைக்கிளோடு, கீரைக்காரி கூடையோடு, ஒரு கிழவர் மண்ணெண்ணெய் டின்னோடு. யாரும் அவசரப்படுத்தவில்லை. தங்கள் முறை வரட்டும் என்று வரிசையாகக் காத்திருந்தார்கள்.

கரையேறப்போன கோவிந்தப்பா அவர்களைப் பார்த்தான், பிறகு அய்யாவுவைப் பார்த்தான். அய்யாவு வேட்டியை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் தன் இடத்துக்குப் போய் நின்றான். மற்றவர்களும் நின்றார்கள்.

"வாங்க வாத்தியாரே," என்று பாஞ்சாலி இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள். "சைக்கிள இப்பிடிக் குடுங்க. பாத்து, காலு வழுக்கும்."