ஈரலுக்கு ஒரு சர்வீஸ்

மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. பஞ்சர் ஒட்ட வந்த வண்டியைக்கூடத் துடைத்துப் பளபளவென்று ஆக்காமல் திருப்பிக் கொடுக்க மாட்டார். அவசரமாகப் போக வேண்டியவர்கள் பட்டறை வாசலில் நின்று பல்லைக் கடிப்பார்கள். அவரோ காதிலேயே போட்டுக்கொள்ளாமல் மட்கார்டு இடுக்கில் துணியை விட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட மனிதரிடம், "உங்க ஈரல்ல ஒரு பகுதியை உங்க தங்கச்சிக்குக் குடுக்கலாம், பொருத்தமா இருக்கு" என்று டாக்டர் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

தங்கை துணி தைப்பவள். அவளுடைய கத்தரிக்கோலைவிட வாய்தான் கூர்மை என்பார்கள். ஈரல் கெட்டு, கண் மஞ்சளாகி, கால் வீங்கி, மிஷினை மிதிக்க முடியாமல் உட்கார்ந்த பிறகும் அந்த வாய் மட்டும் ஓயவில்லை. அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். அண்ணனுக்கும் அப்படியே, வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த அன்றே அவர் கடைக்குப் போய், ஈரலைச் சுத்தப்படுத்தும் என்று எழுதியிருந்த மூலிகை மாத்திரையில் இரண்டு புட்டி வாங்கினார். ஒன்றைத் தங்கையிடம் கொடுத்தார். மற்றதை ஸ்பேனர் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, ஒன்று போட வேண்டிய இடத்தில் இரண்டாகப் போட்டார். ஈரல் போகப்போவது தங்கையிடம் அல்லவா?

அடுத்த பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"போன தடவை நல்லா இருந்துச்சே! இப்ப உங்க ஈரல் புண்ணாயிருக்கு. இப்படியே இருந்தா எடுக்க முடியாது. குடிக்கிறீங்களா?"

"ஐயோ, தொட்டதே இல்லைங்க."

"வேற மருந்து ஏதாவது?"

"ஒரு மருந்தும் இல்லைங்க."

அவர் பொய் சொல்லவில்லை. மூலிகையை மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்தில் இருந்த தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து, சீல் உடைக்காத புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அண்ணன் வாங்கிக் குடுத்தது டாக்டர். உங்களைக் கேட்டுட்டுப் போடலாம்னு வச்சிருந்தேன். எனக்கு ஒண்ணு வாங்கினா தனக்கும் ஒண்ணு வாங்குவார். பலூன் வாங்கின காலத்துல இருந்து அப்படித்தான். அது எங்கேன்னு கேளுங்க."

மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். "மூலிகைதானேங்க... குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சர்வீஸ் பண்ணிட்டா நல்லதுன்னு..."

டாக்டரம்மாவுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் திட்ட முடியும்?

"மூலிகை எல்லாமே கெடுதல்னு சொல்ல மாட்டேன். ஒண்ணு ரெண்டு ஈரலுக்கு உதவுமான்னு ஆராய்ச்சி நடக்குது. ஆனா இதுல ஏழெட்டுச் சாறைச் சுண்ட வச்சு அடைச்சிருக்காங்க, எது எவ்வளவுன்னு போடவே இல்லை. அதையெல்லாம் சமாளிக்க வேண்டியதும் அதே ஈரல்தானே? நல்லா ஓடின வண்டியை எதுக்குப் பிரிச்சீங்க? உடனே நிறுத்துங்க. தானா சரியாகுதான்னு பார்ப்போம்."

ஆகாவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. வேறு பொருத்தமான ஆள் இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

அதன் பிறகு வந்த வாரங்களில் மெக்கானிக்கால் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கண்ணில் மஞ்சள் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் ஒரு வண்டியைத் துடைக்காமலே கொடுத்துவிட்டார். வாங்கியவர் பயந்துபோய், "உடம்புக்கு என்ன?" என்று விசாரித்தார்.

நல்ல காலம், ஈரல் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பியது. டாக்டரம்மா மறுபடி நாள் குறித்தார்.

அன்று காலை அண்ணனையும் தங்கையையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். மெக்கானிக் கூரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

"மன்னிச்சிரு பாப்பா. சுத்தமா குடுக்கணும்னு நினைச்சு, இருந்ததையும் கெடுக்கப் பார்த்தேன்."

"சின்ன வயசுல பாதி கடிச்சுட்டு மீதியை எனக்குக் குடுப்பியே, கொய்யாப்பழம். ஒண்ணையாவது கழுவிக் குடுத்திருக்கியா?"

"இல்லை."

"அதைத் தின்னுதான் வளர்ந்தேன். இதையும் அப்படியே குடு."

அவர் கட்டிலுக்கு வெளியே கையை நீட்டினார். எவ்வளவு தேய்த்துக் குளித்தும் நகக்கண்ணில் கொஞ்சம் கிரீஸ் மிச்சமிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.