ஏழாம் நம்பரின் எடை

இரண்டு தொட்டிகளில் வனேடியம் கரைசல். பம்பு தள்ள, அது நடுவே கரிநாரால் ஆன, கம்பளி போன்ற துண்டு வழியாக ஓடும். மின்சாரம் அப்படித்தான் அதில் சேமிப்பாகும், கேட்டால் திரும்பியும் வரும். இதுதான் ஃப்ளோ பேட்டரி. துண்டின்மேல் பிஸ்மத் என்ற உலோகத்தைப் பூசினால் காரியம் வேகமாக நடக்கும் என்பது ஆய்வகத் தலைவரின் கொள்கை. கொள்கைக்கு மூன்று வயது. தலைவருக்குப் பட்டப்பெயர் 'முன்னுரை'. அவர் பேச்சில் அதைத் தாண்டி யாரும் எதையும் கேட்டதில்லை.

பூசுவதற்கென்றே ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவள் அந்த ஆய்வாளர். மதியம் மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. பூச்சு ஜெயித்தால் இன்னும் ஓராண்டு வேலை. இல்லையென்றால் நல்வாழ்த்துகள்.

பூச்சு ஜெயித்திருந்தது. ஏழாம் நம்பர் துண்டு மற்ற பதினொன்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. காலையில் அதைக் கழற்றி, அலசி, காயவைத்து, தராசில் வைத்தாள். பூசுவதற்கு முன் இருந்ததைவிட எடை குறைவு. பூசினால் கூடத்தானே வேண்டும்? துண்டுகளை பிஸ்மத்தில் முக்கி உலையில் சுட்டுத் தரும் உலைக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஏழாம் நம்பரை பிஸ்மத்துல முக்கினீங்களா?"

அவர் தராசைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "முக்கிட்டோம்னு நெனச்சு நேரா உலையில தள்ளிட்டேம்மா. நைட்ரஜனும் திறந்து விடல. வெறுங்காத்துல வெந்திருக்கு."

"ஏண்ணே சொல்லல?"

"ரிசல்ட் நல்லா வந்துச்சே. எதுக்கு வாயக் குடுக்கணும்?"

காற்றில் சுட்ட கரிநாரில் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு, பிஸ்மத்தின் வேலையைத் தானே பார்த்திருக்கிறது. கணவனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"சொல்லிடுவியா?"

"சொல்லணும்ல."

"சரி, பிள்ளைங்கள நான் கூட்டிட்டு வரேன். நீ நிதானமா மேஜையக் காலி பண்ணு."

அடுத்து முன்னுரையிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"உலைக்கார அண்ணன், நான், என் வீட்டுக்காரர், இப்ப நீங்க."

"அப்ப யாருக்கும் தெரியாது."

"வெறும் காத்து சார்."

"காத்துன்னு சொல்லாதம்மா. வளிமண்டல வினையூக்கின்னு சொல்லு."

குழுவின் முன் அவர் சூரியனையும் மனித குலத்தையும் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பேட்டரிக்கு வந்ததும் நேரம் முடிந்தது. குழுவில் இருந்த மின் நிலையத்துப் பொறியாளர் ஆய்வாளர் பக்கம் திரும்பினார்.

"இதுல என்னம்மா பூசியிருக்கீங்க?"

"ஒண்ணும் பூசல சார். தப்பா நடந்துபோச்சு. காத்துல சுட்டதோட சரி."

முன்னுரை தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்தார்.

"எவ்வளவு சூடு?"

"நானூறு டிகிரி."

"எவ்வளவு நேரம்?"

அவள் கடைசி வரிசையில் இருந்த உலைக்காரரைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றார். "உலையில வச்சுட்டுப் பல்லு புடுங்கப் போயிருந்தேன் சார். அங்க ஒரே கூட்டம்."

"ரெண்டு மணி நேரமா, ஆறு மணி நேரமா?"

"வலி சார். மணியப் பாக்கல."

பொறியாளர் பேனாவை மூடினார். "கூடப் போனா சாம்பல், குறைஞ்சா பிரயோஜனமில்ல. நேரம் தெரியாம நான் எதை வாங்குறது? கண்டுபிடிச்சுச் சொல்லுங்கம்மா. ஒரு வருஷம் போதுமா?"

"போதும் சார்."

மாலையே ஆணை வந்தது. பதவி: பிஸ்மத் பூச்சு நிபுணர், ஓராண்டு நீட்டிப்பு. பூச எதுவுமில்லை என்று குறிப்பிட அந்தப் படிவத்தில் இடமில்லை.