ஓர் எழுத்து குறைந்த பெயர்

போகவில்லை, எங்கேயும் போகவில்லை, நாலு வருஷத்து நோயாளிகள் அத்தனை பேரும் பத்திரமாக இருக்கிறார்கள்... திரையில் டேட்டா கிடந்த இடத்தின் அந்தப் பழைய பெயரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அவள் ஆபீஸ் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொடுக்கும் கிளினிக்கின் வரவேற்புப் பெண் போனில், "அக்கா, லிஸ்ட்ல ஒருத்தர் பேருமே இல்ல" என்றாளே, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அதில்தானே இருக்கிறது, வெளியே பதினோரு பேர் காத்திருக்கிறார்களாம், டாக்டர் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாராம்... அப்படி என்ன செய்துவிட்டாள்? கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரி, டேட்டாபேஸ் கன்டெய்னருக்குக் கொஞ்சம் மெமரி கூட்டினாள், கிளினிக்கின் புரோகிராம்கள் தனித்தனியாக ஓடும் மூன்று கன்டெய்னர்களையும் நிறுத்திக் கிளப்பினாள், மூன்றும் சமர்த்தாக எழுந்தன, எழுந்து கையை விரித்துவிட்டன. பேக்கப்பா, அது போன மாதமே நின்றுபோயிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது, ஃபோல்டர்! அந்த கான்ஃபிக் ஃபைல் இருக்கிற, பக்கத்து மேஜைக்காரன் உண்டாக்கிய ஃபோல்டர், எழுத்துகளை விழுங்கி விழுங்கி டைப் அடிப்பதால் ஆபீசே அவனை முழுங்கி என்றுதான் கூப்பிடும், அதன் பெயரிலும் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தான், நாலு வருஷமாக யார் கண்ணையும் அது உறுத்தவில்லை, இவளுக்குத்தான் கை சும்மா இருக்காதே, போகிற போக்கில் திருத்திவிட்டாள். ஃபோல்டர் பெயரைத்தான் டேட்டா வைக்கும் இடத்தின் பெயருக்கும் முன்னால் ஒட்டிக்கொள்கிறது கன்டெய்னர்களை இயக்கும் இந்த மென்பொருள், பெயர் மாறியதும் யாரோ புது ஆள் என்று காலி இடம் ஒன்றைக் கொடுத்துவிட்டது, பழையது பாட்டுக்கு ஓரமாகக் கிடந்திருக்கிறது. தப்பை மறுபடி தப்பாகவே எழுதிக் கிளப்பினாள். "வந்துட்டாங்க அக்கா, எல்லாரும் வந்துட்டாங்க" என்றாள் வரவேற்புப் பெண், ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கியது போல.

முழுங்கி நாற்காலியைத் திருப்பி, தன் எழுத்துப்பிழையால் வந்த வினையா என்று முகம் சுண்டிக் கேட்டான். "சேச்சே, நான்தான் பேர மாத்தினேன், உன் மேல ஒண்ணும் இல்ல" என்றாள், எவ்வளவு சுலபமாக வருகிறது, எல்லாம் சரியான பிறகு... உடம்பு முழுக்க லேசாகிவிட்டது, ஜன்னலைத் திறக்கலாம், வெளியே போய்க் காபி குடிக்கலாம், மேலாளருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று மெசேஜ் பெட்டியைத் திறந்தாள். அனுப்பாத வரி ஒன்று அங்கே நின்றது, கடைசியாக அந்த ஃபைலைத் தொட்டது அவன்தான், நான் இல்லை என்று, முழுங்கியின் முழுப்பெயரோடு. அவள் அடித்ததுதான். லிஸ்ட் காலியாகக் கிடந்த அந்தக் களேபரத்தில் எப்போது அடித்தாள்? அவ்வளவு நடுக்கத்திலும் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லையே.