இறங்காத செயின்

சிங்கிளா, டபுளா என்று வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. எங்கள் கூலாய் ஊரில் சைக்கிள் ஓட்டும் ஆம்பளைகளுக்கு வேறு வேலையே இல்லையா என்று நீங்கள் கேட்டால், இல்லை. மண்பாதையில் ஓட்டும் கிராவல் சைக்கிளில் மிதிகட்டையோடு சேர்ந்து சுற்றுகிற பல்சக்கரம் ஒன்று போதுமா, பெரிதும் சின்னதுமாக இரண்டு வேண்டுமா? கேள்வி இவ்வளவுதான். ஒன்று போதும் என்றது ஒரு கூட்டம். செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் இரண்டாவது சக்கரம் வெறும் தொல்லையாம், செயின் கழன்று விழுமாம். பொந்தியான் சாலையில் எதிர்க்காற்றில் ஓட்டிப் பார், பூலாய் மலையில் ஏறிப் பார், அப்புறம் வந்து பேசு என்றது இன்னொரு கூட்டம். படம் போட்டார்கள், பல்லை எண்ணினார்கள், ஒருவரை ஒருவர் கிழவன் என்றார்கள்.

கேள்வியைக் கேட்டு அத்தனை பேரையும் மூட்டிவிட்டவர் என் வீட்டுக்காரர் ரூபேந்திரன். அவர் கேட்டது சக்கரத்தைப் பற்றியே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் கேட்டது தன் இடது கையைப் பற்றி.

பின்சக்கரத்து கியரை வலது கை மாற்றும். முன்னால் இரண்டு சக்கரம் இருந்தால் அதை மாற்ற இடது கைப் பக்கம் ஒரு லீவர் இருக்கும். சிங்கிள் போட்டால் அந்த லீவருக்கு வேலை இல்லை, கழற்றிப் போட வேண்டியதுதான். சில மாதத்துக்கு முன்னால் பாசிர் கூடாங்குக்குக் காலை ஷிப்டுக்குப் போகும்போது மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, இவர் இடது தோள் தரையில் அடிபட விழுந்தார். எலும்பு ஒட்டிவிட்டது. நரம்பு ஒட்டவில்லை. விரல்கள் ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்கும், பிரேக்கைக்கூட ஒரு மாதிரி இழுக்கும். லீவரைப் பக்கவாட்டில் தள்ளு என்றால் மட்டும் கை யாரோ ஒருத்தருடைய கை மாதிரி சும்மா இருக்கும்.

ஜொகூர் பாருவில் இவரைப் பார்த்த டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து வருகிறவர். இத்தனை மாதம் பொறுத்துப் பார்த்தாயிற்று, இனி தானாக வராது என்றார். கெண்டைக்கால் பக்கமிருந்து ஒரு நரம்பை எடுத்துத் தோளுக்குக் கீழே வைத்துத் தைக்க வேண்டும். தள்ளிப்போட்டால் தசை சுருங்கிவிடும், அதற்கப்புறம் தைத்தும் பிரயோசனம் இல்லை, இந்த மாதமே செய்துவிடலாம் என்று தேதியும் கொடுத்தார். காலுக்கு ஒன்றும் ஆகாது, பாதத்தின் ஓரம் கொஞ்சம் மரத்துப்போகும், மிதிக்கிற பலம் அப்படியே இருக்கும் என்று படம் வரைந்து காட்டினார்.

இவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

"கை போச்சு. இப்ப காலையும் வெட்டக் குடுக்கணுமா?" என்று காரில் கேட்டார்.

"காலை யாருங்க வெட்டுறா? நூல் மாதிரி ஒரு நரம்பு."

"உனக்கு நூலு. எனக்குக் கால்."

இவர் மனசு எனக்குப் புரியாமல் இல்லை. இந்த மனுஷனுக்குச் சந்தோஷம் என்று ஒன்று இருந்தால் அது அந்த இரண்டு கால்களில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செம்மண் தூசியோடு வீட்டுக்குள் வரும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். விபத்துக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட முகத்தைப் பார்க்காமல் வாங்கினார்.

சைக்கிள் கடை வைத்திருக்கும் காளிதாஸ் இவருக்குத் தம்பி மாதிரி. "சிங்கிள் போட்டுத் தரேண்ணே. எல்லாம் ரைட் கையிலயே முடிஞ்சிரும், அடுத்த வாரமே ஓட்டலாம் லா" என்று கெஞ்சினான். பேட்டரியில் ஓடும் கியர்கூட இருக்கிறது, பட்டனைத் தொட்டால் போதும் என்றான். எதற்கும் இவர் மசியவில்லை. மேட்டுக்கு டபுள்தான் சரி, சிங்கிளில் ஒரு கியருக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி அதிகம், கால் தாளம் தப்பும் என்று ஆயிரம் நியாயம் சொன்னார். நியாயமெல்லாம் சரிதான். ஆனால் லீவரைக் கழற்றினால் கை திரும்பி வராது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதுதான் உண்மையான காரணம்.

கடைசியில் இவரே ஒரு பந்தயம் வைத்தார். தேதிக்கு முன்னால் இடது கை அந்த லீவரைத் தள்ளிவிட்டால் ஆபரேஷன் வேண்டாம், டபுள் அப்படியே இருக்கட்டும். தள்ளவில்லை என்றால் நான் சொல்கிறபடி, ஆபரேஷனும் சரி, சிங்கிளும் சரி. நான் சரியென்றேன். தள்ளாது என்று எனக்குத் தெரியும். தள்ள வேண்டும் என்று சாமியையும் கும்பிட்டேன். பெண்டாட்டி மனசு அப்படித்தான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றுவார். வலது கையால் மிதிகட்டையைச் சுற்றிக்கொண்டே இடது கையால் லீவரைத் தள்ளுவார். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு காதை அங்கே வைத்திருப்பேன். செயின் சின்னச் சக்கரத்திலேயே சர்ரென்று ஓடும் சத்தம்தான் வரும். அப்புறம் அதுவும் நிற்கும். நான் எட்டிப் பார்க்க மாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சத்தம் வந்தது. டக்! செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறுகிற சத்தம். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். இவர் லீவரில் வைத்த இடது கையை எடுக்காமல் அப்படியே நின்றார். தோளைச் சாய்க்கவில்லை, முழங்கையால் இடிக்கவில்லை, விரல்தான் தள்ளியிருந்தது. நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா என்னவோ ஏதோ என்று வாசல் கதவுக்கு வந்துவிட்டாள். அன்றே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, ஆபரேஷன் வேண்டாம், கை வந்துவிட்டது என்று சொன்னார். நான் கேசரி கிண்டினேன். குழுவில் "டபுள்தான்" என்று இவர் ஒரு வரி எழுதியதும் டபுள் கூட்டம் போட்ட ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை நான் வேலைக்கு லீவு. கார் நிறுத்துமிடத்தைக் கழுவச் சைக்கிளை நகர்த்தினேன். ஸ்டாண்டிலேயே இருந்ததால் சும்மா மிதிகட்டையைச் சுற்றி, செயினைச் சின்னச் சக்கரத்துக்கு இறக்கும் பட்டனை அழுத்திப் பார்த்தேன். இறங்கவில்லை. திரும்ப அழுத்தினேன். கேபிள் தளர்ந்தது தெரிந்தது, செயின் மட்டும் பெரிய சக்கரத்திலேயே அசையாமல் ஓடியது.

இவரோடு குடும்பம் நடத்தியதில் சமையல் கற்றேனோ இல்லையோ, இது கற்றிருக்கிறேன். செயினை ஏற்றுவது விரல், இறக்குவது ஸ்பிரிங். விரல் அந்த ஸ்பிரிங்கை எதிர்த்துத்தான் தள்ள வேண்டும், அதனால்தான் லீவர் கனமாக இருக்கும். ஸ்பிரிங்கில் பலம் இல்லை என்றால் சின்னக் குழந்தைகூட ஏற்றிவிடும், இறங்கத்தான் இறங்காது. வியாழக்கிழமை காளிதாஸ் வந்து சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது.

அவன் கடைக்குப் போய், வாடிக்கையாளர் இருக்கிறாரா என்றுகூடப் பார்க்காமல் கேட்டேன்.

"ஸ்பிரிங்கை என்னடா பண்ண?"

அவன் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"அண்ணி... கொஞ்சம் லூஸ் பண்ணேன். அண்ணன் அன்னைக்கு என்கிட்ட, இனிமே எதுக்குடா இருக்கணும்னு கேட்டாரு. பயந்துட்டேன். ஒரு தடவை தள்ளிட்டா மனசு தேறும்னு நெனச்சேன்."

"ஆபரேஷனை வேண்டாம்னு சொல்லிட்டாருடா!"

"என்ன ஆபரேஷன்?"

பந்தயம் அவனுக்குத் தெரியாது. இவர் அவனிடம் ஆபரேஷனைப் பற்றி மூச்சே விடவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அவனை அறையத்தான் போனேன், அவன் அழுத அழுகையில் கை எழவில்லை. புதன்கிழமை தேதி. இடையில் ஒரு நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து இவர் முன்னால் உட்கார்ந்தேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தது எதுவும் வாயில் வரவில்லை. "காளி ஸ்பிரிங்கை லூஸ் பண்ணியிருக்கான். கை வரலீங்க" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. நீ கேசரி கிண்ட உள்ள போனதும் இறக்கிப் பார்த்தேன். இறங்கல."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நான் கிண்டின கேசரியையும் தின்றீர்களே என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. தெரிந்தும் ஏன் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"போன் போட்டப்புறம்தான் இறக்கிப் பார்த்தேன். அப்பவே திரும்பக் கூப்பிட்டிருக்கணும். கூப்பிடல." அவர் குரல் தேய்ந்தது. "பயமா இருக்கு கஸ்தூரி. கால்ல கத்தி வைக்கிறத நெனச்சாலே ஒடம்பு நடுங்குது. கை வந்துருச்சுன்னு நீயாவது நம்பிக்கிட்டு இருந்தா, நானும் கொஞ்ச நாள் அப்படியே இருந்துரலாம்னு பார்த்தேன்."

கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயில் பயம் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. என் கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. போனை எடுத்து ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

மலாய்க்காரப் பெண் எடுத்தாள். தன்மையாகத்தான் பேசினாள். அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று, புதன்கிழமை முழுதும் நிறைந்துவிட்டது, அடுத்த மாதம் டாக்டர் வரவில்லை, அதற்கடுத்த மாதம் பார்க்கலாம் என்றாள். வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாலும் அங்கே காத்திருப்பு இதைவிட நீளம் என்றாள். அதற்கடுத்த மாதம் தசை இருக்காது.

அப்போது இவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "கக், தொலோங்லா கக்," என்று மலாயில் அக்கா போட்டு ஆரம்பித்தார். ஷிப்டில் மேலதிகாரி திட்டினாலும் தலை குனியாத மனுஷன், முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் உதவி செய்யுங்கள், நான்தான் முட்டாள்தனமாக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பயந்துவிட்டேன் என்று கெஞ்சினார். அவள் ஏதோ தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, வெறும் வயிற்றோடு காலையில் வந்து உட்காருங்கள், அந்த ஆள் வரவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கிறேன், வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள்.

புதன்கிழமை வெளிச்சம் வருவதற்குள் போய் உட்கார்ந்துவிட்டோம். அந்த ஆள் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வழியில் கார் டயர் வெடிக்கட்டும், காய்ச்சல் வரட்டும், நம்மைப்போலப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடட்டும் என்று முருகனிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. தலைக்கு மேல் போன வெள்ளத்தில் சாண் என்ன, முழம் என்ன? இவர் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். ஒரு தாத்தா வந்தார், கண்ணுக்கு. ஒரு அம்மா வந்தாள், முட்டிக்கு. நேரம் ஆக ஆக எனக்கு நம்பிக்கை ஏறியது. கவுண்டரிலிருந்த அந்த மலாய்க்காரப் பெண்கூட எங்களைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு இளம்பெண் வந்தாள். தொழிற்சாலைச் சீருடைச் சட்டை, கழுத்திலிருந்து தொங்கும் துணியில் வலது கை. கூட யாருமில்லை. மூச்சு வாங்கக் கவுண்டரில் நின்று, "பஸ் லேட், சோரி கக்," என்றாள். பெயர் ஷர்மினி என்றாள். கவுண்டர் பெண் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

இருக்கிற ஒரே காலி நாற்காலி எங்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. உட்கார்ந்ததும் இவர் கையைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் கையாண்ணே?"

"ஆமாம்மா."

"எனக்கு இன்னைக்கு ஆபரேஷன். முந்தாநாள்தான் கூப்பிட்டாங்க, யாரோ வேண்டாம்னுட்டாங்களாம்." அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். "கால்லேருந்து நரம்பு எடுப்பாங்களாம். நான் நாள் முழுக்க நின்னு வேலை செய்யிறவ, அண்ணே. நடக்க முடியாமப் போயிருமோன்னு பயமா இருக்கு. திரும்பிப் போயிரலாமான்னு பார்க்கிறேன்."

போ, எழுந்து போ என்று எனக்குள்ளே ஒரு குரல் கத்தியது. பொய்கூடச் சொல்ல வேண்டாம், நாங்கள் பேசாமல் இருந்தாலே போதும். இவர் முகத்தைப் பார்த்தேன். இவருக்கும் அது தெரிந்திருந்தது. கெண்டைக்காலை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"காலுக்கு ஒண்ணும் ஆகாதும்மா," என்றார். "பாதத்து ஓரம் கொஞ்சம் மரத்துப்போகும், அவ்வளவுதான். பலம் அப்படியே இருக்கும். டாக்டர் எனக்குப் படமே போட்டுக் காட்டினாரு. நல்ல டாக்டர். போயிட்டு வா."

"நிஜமாவாண்ணே?"

"நிஜம்மா."

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கைப்பையை வைத்துக்கொள்ள ஆளில்லாமல் தயங்கினாள். இவர் வாங்கி என் மடியில் வைத்தார். கதவு மூடும் வரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வலது கையால் போனை எடுத்துக் காளிதாஸைக் கூப்பிட்டார்.

"காளி, சாயங்காலம் வீட்டுக்கு வா. லெஃப்ட் லீவரைக் கழட்டிரு. சிங்கிள் போடு." அந்தப் பக்கம் அவன் ஏதோ அழுதுகொண்டே சொன்னான் போல. "அழாதடா. பின்னாடி பெரிய பல்சக்கரமாப் போடு, மேடு ஏறணும்."

நான் அந்தப் பெண்ணின் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். இவர் என்னைத் தடுக்கவில்லை.